கடைசி பஸ்ஸுக்கு முன் முடிந்த படம்

புது ஊருக்குப் போகிறவன் அங்கே சொல்லும் முதல் பொய், பெரும்பாலும் பழைய ஊரில் தான் பார்த்த வேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். சாட்சிக்கு ஆள் இல்லை என்ற துணிவு. கப்பலில் வெங்காயம் உரித்தவர்கள் ஹம்பேர்க் துறைமுகத்தில் இறங்கியதும் தலைமைச் சமையற்காரர் ஆகியிருக்கிறார்கள். தபால் கந்தோர் வாசலில் சைக்கிளுக்குக் காவல் நின்ற ஒருவர் தபால் அதிபர் ஆகியிருக்கிறார். என் பங்குக்கு நான் சினிமா ஒப்பரேட்டர் ஆனேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டருக்கு எடுபிடியாக இருந்தேன். றீல் சுற்றுவது, அறுந்தால் ஒட்டுவது, அவருக்குத் தேத்தண்ணி வாங்கி வருவது. (கடைசி வேலையில்தான் எனக்கு உண்மையான தேர்ச்சி.)

அங்கே நான் கற்ற பெரிய வித்தை, வெட்டுதல். பின்னேரக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் ஓடும். ஊர்ப்பக்கம் போகும் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. படம் அதற்குள் முடியாவிட்டால் சனம் பாதியில் எழும்பிப் போகும். அடுத்த நாள் வந்து மிச்சத்துக்குக் காசு திருப்பிக் கேட்கும். அதனால் முதலாளியின் கட்டளை, எந்த நாட்டுப் படமானாலும் கடைசி பஸ்ஸுக்கு முன் முடிய வேண்டும். ஒப்பரேட்டர் எனக்குச் சொல்லித்தந்த இலக்கணம் ஒரே வரி: "குதிரை ஓடினா வை. குதிரைக்குப் புல்லுப் போட்டா வெட்டு." வெட்டிய துண்டுகளைப் படத்தைத் திருப்பி அனுப்பும்போது மறுபடி ஒட்டிவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எந்த இடத்தில் ஒட்டுவது என்பதற்கு விதி இல்லை.

பிறகு கப்பலுக்குப் போனேன். ஹம்பேர்க்கில் கப்பல் நின்ற சமயம் குடல்வால் வெடித்தது. நான் ஆஸ்பத்திரியில் கண்விழித்தபோது கப்பல் பிரேசிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் சூட்கேஸும் அதோடு போய்க்கொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. ஊரில் இருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு கையே போதும். பழத் துறையில் வாழைக்குலை இறக்கினேன், உணவகங்களில் கோப்பை கழுவினேன், வேலை இல்லாத நாட்களில் மத்திய ரயில் நிலையத்தில் சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று ரயிலுக்குக் காத்திருப்பவன் போல நடித்தேன். நகரின் அல்ரோனாப் பகுதியில் கனகு அண்ணையின் அறையில் பாதி கிடைத்த பிறகு நிலைமை நன்றாகிவிட்டது.

கனகு அண்ணை வல்வெட்டித்துறைக்காரர். பாய்க்கப்பலில் தொடங்கி எண்ணெய்க் கப்பல் வரை ஓடி, முழங்கால் தேய்ந்து கரை ஒதுங்கியவர். எதைக் கண்டாலும் முடிச்சுப் போடுவார். எங்கள் அறையில் கதிரை, கட்டில், கேத்தில் எல்லாமே ஏதோ ஒன்றோடு கட்டப்பட்டிருந்தன. புயல் வந்தால் ஹம்பேர்க் முழுக்கச் சரிந்தாலும் எங்கள் கேத்தில் அசையாது.

அந்தக் காலத்தில்தான் எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. தெருமுனைப் பல் வைத்தியர் டொக்டர் ஹாகெமான் என்னிடம் காப்புறுதி அட்டையும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். காத்திருப்பு அறையில் பல் விளம்பரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் பழைய அமெரிக்கப் படங்களின் சுவரொட்டிகள். ஒரு மூலையில் பதினாறு மில்லிமீற்றர் புறொஜெக்டர். மரியாதைக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று, பாதி நாக்கு மரத்திருந்த நிலையில், பஞ்சைக் கடித்துக்கொண்டு, "நானும் ஒப்பரேட்டர்தான்" என்றேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். பத்து விரலையும் காட்டினேன். (வாய் மரத்திருந்தால் கை பொய் சொல்லும்.)

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் எனக்கு வேலை.

டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சேர்த்தது பெரிய படங்களை அல்ல. பெரிய படங்களுக்கு ஆள் இருக்கிறது என்பார். அமெரிக்காவில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் சின்னக் கம்பனிகள் குறைந்த செலவில் எடுத்து, ஒரு கிழமை ஓட்டி, மறந்துபோன படங்கள்தான் அவருக்கு வேண்டும். வாடகை உரிமை முடிந்தால் பிரதிகளைக் கோடரியால் கொத்தி அழித்துவிடுவது அப்போது வழக்கம். அந்தக் கோடரிக்கு முன்னால் போய் நின்று, பழைய இரும்பு வியாபாரிகளிடமும், பிறேமர்ஹாஃபன் அமெரிக்க முகாமில் தட்டுமுட்டுச் சாமான் கழிக்கும்போதும், தகரப்பெட்டி தகரப்பெட்டியாக வாங்கி வந்துவிடுவார். எல்லாம் ஒரு பழைய மீன் புகைபோடும் தொழிற்சாலையின் நிலவறையில் அடுக்கியிருந்தன. மேல் மாடத்தில் மடக்குக் கதிரைகள், சுவரில் வெள்ளைத் துணி. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு படம். இருபது முப்பது பேர் வருவார்கள். தலைமயிர் வளர்த்த மாணவர்கள் பாதி, வீட்டில் கரி எரிக்காமல் சேமிக்க வந்த கிழவிகள் பாதி. புகைமீன் வாசனை சுவரை விட்டுப் போகவே இல்லை. இன்றும் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தால் எனக்குப் பசிக்கும்.

படத்துக்கு முன் டொக்டர் பேசுவார். அரை மணி நேரம். எழுந்து போக ஒருவருக்கும் மனம் வராது. பாதிப் பேர் அவரிடம் பல் காட்டுகிறவர்கள்.

அந்தப் பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அவர் மிகவும் பரபரப்பாக வந்தார். அமெரிக்காவில் இருந்து ஒரு அம்மா வருகிறார், பெயர் மிஸிஸ் வெல்ச், நம்மிடம் இருக்கும் ஒரு படத்தில் நடித்தவர், மகன் பிறேமர்ஹாஃபனில் படை அதிகாரி, ஞாயிறு மூன்று மணிக்கு இருவரும் வருகிறார்கள், பிறேமர்ஹாஃபன் திரும்பும் ரயில் ஐந்து மணிக்கு என்று ஒரே மூச்சில் சொன்னார். உலகத்தில் அந்தப் படத்தின் முழுப் பிரதி இது ஒன்றுதான் என்றும் சொன்னார். ஒட்டுகளை எல்லாம் ஒருதரம் சரிபார்த்து வை என்று சாவியைத் தந்துவிட்டுப் பல் பிடுங்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் தனியாக இருந்து படத்தை ஓட்டிப் பார்த்தேன். படத்தின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது; அதுதான் அதன் பெருமை. ரயில் பாதை போடும் ஒருவன், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அழகி, இடையில் ஒரு கெட்டவன். நன்றாகத்தான் போனது. ஆனால் நீளம். டொக்டரின் பேச்சையும் கூட்டிக் கணக்குப் பார்த்தேன். அந்த அம்மா ரயிலைத் தவறவிடுவார்.

வயசான மனுசி. வெளியே உறைபனி. ரயில் போய்விட்டால் ஸ்ரேஷனில் குந்தியிருக்க வேண்டும். அந்தக் குளிரை என்னைவிட அறிந்தவன் யார்? வெட்ட வேண்டியது பேச்சா, படமா என்று பார்த்தால், பேச்சை வெட்ட ஏலாது. டொக்டர் உயிரோடு இருக்கிறார்.

படத்தின் நடுவில் ஒரு சமையலறைக் காட்சி வந்தது. தொழிலாளர்கள் தங்கும் விடுதியில் ஒரு சமையற்காரப் பெண் மாவு குழைக்கிறாள். யன்னலுக்கு வெளியே மழை. ஒருவரும் வரவில்லை, ஒருவரும் பேசவில்லை. அவள் குழைக்கிறாள், ஒருதரம் நிமிர்ந்து மழையைப் பார்க்கிறாள், திரும்பக் குழைக்கிறாள். ஐந்தாறு நிமிஷம். குதிரைக்குப் புல்லுப் போடுகிற காட்சியை விட மோசம். இதில் குதிரையே இல்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டே வெட்டு, ஒரே ஒட்டு. ரயில் ஊதும் இடத்தையும் கல்யாண மணி அடிக்கும் இடத்தையும் அவ்வளவு பொருத்தமாக இணைத்தேன். யாழ்ப்பாணத்து ஒப்பரேட்டர் பார்த்திருந்தால் தனக்குத் தேத்தண்ணி வாங்க என்னை அதன் பிறகு அனுப்பியிருக்க மாட்டார்.

வெட்டிய சுருளைக் கோட் பையில் போட்டுக்கொண்டு அறைக்குப் போனேன். கனகு அண்ணை என்ன அது என்று கேட்டார். தேவையில்லாத படம் என்றேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். அதோடு நான் மறந்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. மிஸிஸ் வெல்ச் சின்ன உருவம், பச்சைக் கோட். மகன் கதவுக்குக் குனிந்து வந்தான். மடக்குக் கதிரை அவனைக் கண்டதும் முனகியது. இருவரும் முன்வரிசை. நான் புறொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்று அந்த அம்மாவை நன்றாகப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி அழகிக்கு மூக்கு நீளம். இவருக்கு மூக்கு என்று சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருந்தது. நாற்பது வருஷத்தில் மூக்கு இவ்வளவு தேயுமா என்று யோசித்தேன்.

டொக்டர் பேசத் தொடங்கினார். விருந்தாளிகளுக்காக ஜேர்மனிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிச் சொன்னார். அதனால் முதல் தடவையாக அவருடைய பேச்சு எனக்கு முழுதும் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

மிஸிஸ் வெல்ச் வாழ்க்கையில் நடித்தது ஒரே படம், ஒரே காட்சி. படம் வெளிவந்தபோது தன் ஊர்த் தியேட்டருக்கு அப்பா, அம்மா, சகோதரங்கள், அயலட்டை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வரிசை முழுக்க அவர் ஆட்கள். படம் தொடங்கியது, ஓடியது, முடிந்தது. அவர் வரவே இல்லை. கம்பனி முதலாளி படம் நீளம் என்று கடைசி நிமிஷத்தில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார். அப்பா முன்னால் தனியாக வீட்டுக்கு நடந்தார். அன்று முதல் ஊர் மிஸிஸ் வெல்ச்சைக் கேலியாக "சினிமாக்காரி" என்று கூப்பிட்டது. அமெரிக்காவில் இருந்த பிரதிகள் எல்லாம் வெட்டியவை. இப்போது அவைகூட இல்லை. வெட்டுவதற்கு முன் வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு பிரதி மட்டும் நம்மிடம் இருக்கிறது. அதில் அந்தச் சமையலறைக் காட்சி முழுதாக இருக்கிறது. இன்று அவர் அதை முதல்முறையாகப் பார்க்கப்போகிறார், தன் மகனோடு.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கோட் பையைத் தடவிப் பார்த்தேன், சுருள் அங்கே இல்லை.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் டொக்டர் கையைக் காட்டிவிட்டார், விளக்கை அணைத்துவிட்டார்கள், என் விரல் பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டது. பிறகு நான் செய்தது பிரார்த்தனை. படத்தில் இன்னொரு சமையலறை இருக்கட்டும் என்று வேண்டினேன். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நித்திரை தூங்கி, வேறு ஏதோ பெண்ணை வெட்டியிருக்கக் கூடாதா?

ரயில் ஊதியது. கல்யாண மணி அடித்தது.

டொக்டர் இருட்டில் என்னைத் திரும்பிப் பார்த்தார். மிஸிஸ் வெல்ச் திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி அப்படியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய மகன் கையை எடுத்து அவர் தோளில் போட்டு, பரவாயில்லை அம்மா என்ற மாதிரித் தட்டிக்கொடுத்தான். அந்தத் தட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனம் நிறைந்த ஆறுதல் இல்லை அது. பொய் பிடிபட்ட குழந்தையைத் தட்டுகிற தட்டு.

புறொஜெக்டரை நிறுத்தினேன். விளக்கு வந்தது. எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன்:

"சமையலறை இருக்கிறது. என் வீட்டில்."

ஒரு கிழவி, "எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது" என்றாள். டொக்டர் மட்டும் வெளிறினார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வெட்டினாயா? நான் ரயில், குளிர், பஸ் என்று எதையோ உளறினேன். அவர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு நான் ஊசி போடாமல் பிடுங்கியிருக்க வேண்டும்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே கடுஞ்சொல் இது.

அறை இரண்டு தெரு தள்ளி. பனியில் இரண்டு தடவை விழுந்து எழும்பி ஓடினேன். கதவைத் திறந்தால் கரி அடுப்புக்கு மேலே, சுவருக்குச் சுவர், புதிதாக ஒரு உடுப்புக் கொடி. கறுப்பு, பளபளப்பு, மூன்று புரியாக அழகாகப் பின்னியது. அதில் கனகு அண்ணை உள்ளே போடும் கம்பளிக் காற்சட்டை, வெளியே போடும் மேற்காற்சட்டை இரண்டு, காலுறைகள் எல்லாம் மரக் கவ்விகள் போட்டுத் தொங்கி, நீர் சொட்டிக்கொண்டிருந்தன. கனகு அண்ணை இடுப்பில் சுற்றிய சாரத்தோடு அடுப்படியில் இருந்து பீடியை ஒத்த ஏதோ ஒன்றைப் புகைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உதைக் கழட்டுங்கோ. கெதியா."

"ஏனடா? இப்பதானே தோய்ச்சுப் போட்டனான்."

"அது ஒரு மனுசி அண்ணை."

அவர் என்னை ஒருதரம், கொடியை ஒருதரம் பார்த்தார். "குடிச்சனியே?"

"இல்லை அண்ணை. அதிலை ஒரு மனுசி இருக்கிறா. அமெரிக்காவிலை இருந்து வந்து நிக்கிறா, தன்னைப் பாக்க."

"தேவையில்லாத படம் எண்டனி."

"எனக்குத் தெரியாமல் சொன்னனான்."

"தெரியாததை ஏன் வெட்டினனி?" என்றார். பின்னல் சமமாக வர வேண்டும் என்று சுருளை மூன்று துண்டாக வெட்டியதாகவும் அப்போதுதான் சொன்னார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், ஏலவில்லை. ஆணியோடு பிடுங்கினேன். "கைவையாதை, அறுத்துப்போடுவாய், நான் வாறன்" என்று அவரும் வெளிக்கிட்டார். அவரிடம் இருந்த மேற்காற்சட்டை இரண்டும் கொடியில். ஆகவே சாரம், அதற்கு மேல் ஓவர்கோட், கீழே கப்பல் சப்பாத்து. நான் முன்னால், கம்பளிக் காற்சட்டையைத் தேசியக் கொடியைப் போல அசைத்துக்கொண்டு. அவர் பின்னால், நொண்டிக்கொண்டு, கொடியின் மறுமுனையைப் பிடித்தபடி. அல்ரோனாவில் ஞாயிற்றுக்கிழமை உலாவப் போனவர்கள் வழிவிட்டார்கள்.

மாடத்தில் ஒருவரும் எழும்பிப் போயிருக்கவில்லை. (ஜேர்மன்காரர் மூன்று மணிக்கு டெர்மின், அதாவது குறித்த நேரம், என்று வந்தால் அது முடியும்வரை அசையமாட்டார்.) மிஸிஸ் வெல்ச் கொடியைப் பார்த்தார். அதில் தொங்கிய காலுறையையும் பார்த்தார். டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

கனகு அண்ணை ஒருவரையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் போய்ப் பெரிய மகனின் கையில் ஒரு முனையைக் கொடுத்து, "பிடி, விடாதை" என்று தமிழில் சொன்னார். அவன் பிடித்தான். படையில் கட்டளையின் மொழி முக்கியம் இல்லை போலிருக்கிறது. புரி பிரியப் பிரிய மாணவர்கள் வரிசையாக நின்று தாங்கிக்கொண்டார்கள். கிழவிகள் கைப்பைக்குள் இருந்து சுத்தமான லேஞ்சி எடுத்து ஈரம் ஒற்றினார்கள். டொக்டர் பல் துடைக்கும் பஞ்சால் அழுக்கெடுத்தார். கறுப்புக் கோடுகள் மூன்று மாடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போயின. எல்லார் கையிலும் அந்த அம்மாவின் ஏதோ ஒரு துண்டு இருந்தது. அவருடைய கையில் ஒன்றும் இல்லை. வைத்திருக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் மூன்றையும் ஒட்டினேன். படமோ ஈரத்தில் சுருண்டு, எது தலை எது கால் என்று காட்டவில்லை. மாவு சின்னதாக இருந்தால் முதல், பெரிதாக இருந்தால் கடைசி என்று கணக்கு வைத்து ஒட்டினேன்.

விளக்கு அணைந்தது. முதல் துண்டு. மாவு, கைகள், முதுகு, மழை. கவ்வி கடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூ விழுந்தது. ஆனாலும் சமையலறைதான். மாடம் மூச்சு விட்டது.

இரண்டாம் துண்டு வந்தது. சமையலறை கூரையில் இருந்து தொங்கியது. மழை மண்ணை விட்டு வானத்துக்குத் திரும்பிப் போயிற்று. குழைத்த மாவு தானாகத் தளர்ந்து பழையபடி ஆகிக்கொண்டு வந்தது. தலைகீழாகத் தொங்கிய ஒரு பெண் யன்னலைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பி, முகத்தைக் காட்டினாள்.

நான் நிறுத்தப் பாய்ந்தேன். டொக்டர் என் கையைப் பிடித்துவிட்டார். நிறுத்தினால் விளக்குச் சூட்டில் அந்த இடம் பொசுங்கிவிடும் என்று பயம் அவருக்கு. ஆகவே அது ஓடியது. கழுத்தைச் சரித்தும் திருப்பியும் முழு மாடமும் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவேளை இப்படித்தான் எடுத்த படமோ என்று மாணவர்களுக்குச் சந்தேகம். அப்போதுதான் அந்தப் பெரிய மகன் எழும்பினான். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கால்களை அகட்டி, இடுப்பை மடித்து, தலையைத் தொடைகளுக்கு இடையில் விட்டு, தலைகீழாகத் திரையைப் பார்த்தான். சங்கிலிப் பதக்கம் ஒன்று சட்டைக்குள் இருந்து வெளியே வந்து அவன் தாடையில் ஆடியது. அந்த நிலையில் நின்றபடி சொன்னான்:

"அம்மா. அது நீங்கள்."

மிஸிஸ் வெல்ச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு, தொப்பி சரிய, மூச்சு வாங்கச் சிரித்தார். மாடம் முழுக்கச் சிரித்தது. கனகு அண்ணை என்னிடம், "என்னவாம்?" என்றார். தாயைக் கண்டுபிடித்துவிட்டான் என்றேன். "பின்னை? நான் கட்டினதிலை ஒண்டும் துலையாது" என்றார்.

அதன் பிறகு வெட்டி, நேராக்கி, மறுபடி ஒட்டி ஓட்டினேன். இந்த முறை அந்தப் பெண் நின்ற நிலையில், மாவு குழைத்து, நிமிர்ந்து, மழையைப் பார்த்தாள். யாரையோ எதிர்பார்க்கிறவள் போலவும் இருந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தவள் போலவும் இருந்தது. வெள்ளிக்கிழமை இதே இடத்தில் நான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

முடிந்ததும் மிஸிஸ் வெல்ச் என்னிடம் வந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கையைக் கொடுத்தார்.

"இந்தக் காட்சியை வெட்டிய இரண்டாவது ஆள் நீ," என்றார். "முதலாவது ஆள் சுருட்டுக் குடித்துக்கொண்டு வெட்டினார். அவர் ஓடிப்போய் எடுத்து வரவில்லை."

பின்னலைச் செய்தது யார் என்று கேட்டார். காட்டினேன். கனகு அண்ணை சாரத்தைக் கொஞ்சம் இறக்கி மரியாதையாக நின்று, "அவவுக்குச் சொல்லு, தும்புக் கயிறை விட உறுதி எண்டு" என்றார். சொன்னேன். அதைவிட நல்ல விமர்சனம் தனக்குக் கிடைத்ததில்லை என்றார் அவர்.

ரயிலைத் தவறவிட்டுவிட்டீர்களே என்று நான் வருத்தப்பட்டேன். மகன் காரில் வந்திருந்தான்.

டொக்டர் என்னைத் துரத்தவில்லை. புறொஜெக்டரும் என்னிடமே இருந்தது. கத்தரிக்கோலை மட்டும் தன் மருத்துவ அலுமாரியில், பூட்டி, மயக்க மருந்துகளோடு வைத்தார். அந்தப் படத்துக்கு நல்ல பிரதி எடுக்கப் பிறகு அவர் எங்கெங்கோ அலைந்து உதவி பெற்றார். எழுபதுகள் முடியும் சமயம் நகரத்தில் ஒரு பெரிய அரங்கில் அதைக் காட்டினார்கள். நானும் கனகு அண்ணையும் போனோம். சமையலறைக் காட்சியில், சம இடைவெளியில் வந்துபோகும் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. மேடையில் ஓர் இளைஞர், பழைய படச்சுருளில் காலம் விட்டுச்சென்ற தழும்புகள் இவை என்று உருக்கமாகச் சொன்னார். கனகு அண்ணை கேட்டார், என்ன சொல்லுறார் என்று. மொழிபெயர்த்தேன். அரங்கு முழுக்கக் கேட்கும்படி, "காலமோ? அது என்ரை கம்பளிக் காற்சட்டை" என்றார். நல்லகாலம், அங்கே தமிழ் விளங்கியவன் நான் ஒருவன்தான்.

இப்போது ஹம்பேர்க்கில் தமிழ்ச் சனம் நிறைய. கிழமைக்கு ஒரு கல்யாணம், கல்யாணத்துக்கு ஒரு வீடியோ. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். வீட்டுக்காரரே பார்க்காத அந்த வீடியோவைப் பார்க்கிற ஒரே ஆள் நான் என்று ஊர் முழுக்கத் தெரியும். வேண்டுமென்றே கொண்டுவந்து தருகிறார்கள். தாலி கட்டுவதை எல்லாரும் இருந்து பார்ப்பார்கள். சாப்பாட்டுப் பந்தி வந்ததும் என் மகள் றிமோட்டைத் தேடுவாள். கிடைக்காது. நான் அதன் மேல் இருப்பேன்.

போன ஞாயிறும் அப்படித்தான். பந்தி முடிந்து, கமெராக்காரன் எங்கோ போய்விட்டான் போல, கமெரா மட்டும் மேசையில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் பின்னால் குனிந்து வாழையிலைகளைச் சுருட்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அது மட்டும் பத்து நிமிஷம். மகள் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போலப் பிடித்துக் காட்டி, "அப்பா, வெட்டுவமே?" என்றாள். எங்கள் வீட்டில் பாடசாலைக் கூட்டத்துக்கும், மாமியின் தொலைபேசி அழைப்புக்கும், என்னுடைய புத்திமதிக்கும் இதே இரண்டு விரல்தான்.

"பொறு," என்றேன். "அவ இன்னும் திரும்பேல்லை."

"ஆரப்பா அவ?"

"தெரியாது."

மகள் பெருமூச்சு விட்டு என் பக்கத்தில் இருந்தாள். குசினிக்குள் இருந்து என் மனைவி, வந்திருந்த விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது: "உவர் படம் பாக்கிறார் எண்டு நினையாதேங்கோ. உவர் ஆருக்கோ தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறார்."

அந்தப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மகள் முன்னால் சரிந்து பார்த்தாள்.